காலையில் இனித்த சாறு மாலையில் கசந்தது ஏன்?

அடுக்களைக் கேள்வி – பதில்

பாலக்காட்டுக் கணவாயின் காற்றில் ஈரம் வற்றி வெயில் ஏறத் தொடங்கிவிட்டால், இந்தக் கேள்வி – பதில் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி பழச்சாற்றைப் பற்றியவையாகவே இருக்கும். இம்முறை வந்தவற்றுள் ஆரஞ்சைப் பற்றிய கேள்விகளை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டேன். பதில் சொல்லப் புகுமுன் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டியிருக்கிறது. எல்லோரும் "ஆரஞ்சு" என்றே எழுதியிருக்கிறார்கள். ஆனால் எல்லோர் கையிலும் இருப்பது ஒரே பழமன்று. தோல் தளர்ந்து, விரலாலேயே உரிபடும் கமலா ஆரஞ்சும் நாகபுரி ஆரஞ்சும் ஒரு வகை. தோல் இறுகி, பளபளப்பாக, விதை நிறைந்து வரும் கின்னோ மற்றொன்று. கத்தி இல்லாமல் தோலை எடுக்க முடியாத, அடியில் தொப்புள் போன்ற குழியுடைய வெளிநாட்டுப் பழம் வேறொன்று. போதாக்குறைக்கு, கேரள எல்லையைத் தாண்டினால் பெயரும் மாறிவிடுகிறது: நெம்மாறைக் கடையில் வெறுமனே "நாரங்ங" என்று கேட்டால் எலுமிச்சையை நிறுத்துக் கொடுப்பார்கள், "மதுர நாரங்ங" என்றால்தான் ஆரஞ்சு கிடைக்கும், நம் சாத்துக்குடிக்கு அங்கே "முசம்பி" என்று பெயர். கையில் இருப்பது எந்தப் பழம் என்று தெரிந்துவிட்டால், கீழே உள்ள கேள்விகளில் பாதிக்கு விடை தானே கிடைத்துவிடும்.

கேள்வி: பொள்ளாச்சிச் சந்தையில் மூன்று கிலோ ஆரஞ்சு வாங்கிவந்து, காலை 10 மணிக்கே மிக்ஸியில் அடித்துச் சாறெடுத்து, ருசி பார்த்துவிட்டுத்தான் ஃபிரிட்ஜில் வைத்தேன்; தேனாக இருந்தது. மாலை 5 மணிக்கு மகளைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு அதையே ஊற்றிக் கொடுத்தபோது, வேப்பங்கொழுந்தைக் கடித்ததுபோல் கசந்துவிட்டது. சாறு கெட்டுப்போய்விட்டதா? அல்லது பழத்தில் ஊசி ஏதேனும் போட்டிருந்தார்களா? பழங்கள் நல்ல நிறத்தோடு மினுமினுப்பாக இருந்தன, விதைதான் அதிகம்.
– வாசகி, வேலந்தாவளம்

பதில்: சாறு கெடவும் இல்லை, பழத்தில் ஊசியும் போடவில்லை. கெட்டுப்போன சாறு புளித்த வாடை அடிக்கும், மூடியைத் திறக்கும்போது வாயு கிளம்பும், நாக்கில் சுருசுருவென்று இருக்கும். அவற்றில் எதையும் நீங்கள் எழுதவில்லை. மினுமினுப்பையும் விதையையும் வைத்துப் பார்த்தால், உங்களுக்குக் கிடைத்தது கின்னோவாகத்தான் இருக்க வேண்டும். 1915-ஆம் ஆண்டில் கலிஃபோர்னியாவில் கிங், வில்லோ லீஃப் என்னும் இரண்டு ஆரஞ்சு வகைகளை இணைத்து உருவாக்கி, 1935-இல் வெளியிடப்பட்ட ஒட்டினம் அது. இன்று பஞ்சாபில் பெருமளவில் பயிராகி, குளிர்காலம் முழுவதும் தெற்கே வந்து இறங்குகிறது. உரித்துச் சாப்பிடுவதற்கு அதைப்போல் சாறு நிறைந்த பழம் அரிது. ஆனால் பிழிந்து வைப்பதற்கு அதைப்போல் ஏமாற்றும் பழமும் அரிது.

காரணம் இதுதான். ஆரஞ்சின் வெள்ளை நாரிலும், சுளையை மூடியிருக்கும் தோலிலும், விதையிலும் ஒரு பொருள் இருக்கிறது. அது அங்கே இருக்கும்வரை கசப்பதில்லை. பழம் முழுதாக இருக்கையில் அதுவும் சாற்றின் புளிப்பும் தனித்தனி அறைகளில் குடியிருப்பதால், ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. மிக்ஸியின் அலகு நாரையும் விதையையும் கிழித்து இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டால், புளிப்பின் சேர்க்கையால் அப்பொருள் சில மணி நேரத்தில் மெல்ல மெல்ல லிமோனின் என்னும் கசப்புப் பொருளாக மாறிவிடுகிறது. ஒரு லிட்டர் சாற்றில் ஆறேழு மில்லிகிராம் சேர்ந்தாலே பெரும்பாலோருடைய நாக்கு அதைக் கண்டுகொள்ளும். அதனால்தான் காலையில் நீங்கள் ருசி பார்த்தபோது இல்லாத கசப்பு, மாலையில் சம்பந்தி வீட்டார் முன்னால் வந்து நின்றது. வெளிநாட்டுத் தொப்புள் ஆரஞ்சிலும் இந்தச் சிக்கல் உண்டு, சாத்துக்குடியிலும் உண்டு. சாத்துக்குடிக் கடைக்காரர் ஒருவரும் சாற்றை முன்கூட்டியே பிழிந்து குடத்தில் நிரப்பி வைக்காமல், ஆள் வந்து நின்ற பிறகு பிழிவதற்கு இதுவும் ஒரு காரணம். பருவத்தின் தொடக்கத்தில் வரும் பழங்களில் இப்பொருள் மிகுதியாக இருக்கும். மரத்திலேயே நன்றாக முற்றிக் கடைசியில் வருபவற்றில் குறைந்துவிடும்.

கசந்த சாற்றைக் கொதிக்கவைத்துச் சரிசெய்யலாம் என்று எண்ணிவிடாதீர்கள். சூடு அந்த மாற்றத்தை விரைவுபடுத்தவே செய்யும். சர்க்கரையைக் கொட்டினால் இனிப்பும் கசப்புமாக இரண்டும் நாக்கில் நிற்கும். ஒரு டம்ளருக்கு ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் கசப்பு ஓரளவு அடங்கும், அதற்குமேல் வழியில்லை. இதை நான் ஏட்டில் படித்து மட்டும் எழுதவில்லை. அண்ணன் மகளின் நிச்சயதார்த்தத்தன்று, சமையற்காரர் வேண்டாம் என்று தடுத்தும் கேளாமல், எட்டுக் கிலோ பழத்தை விதையோடு மிக்ஸியில் அடித்து அண்டாவில் நிறைத்து வைத்தவள் நான். பந்தி முடிந்தபோது பாதி குடித்த டம்ளர்கள் வரிசையாக இருந்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. விருந்தினருக்குக் கொடுப்பதானால், பழத்தைக் கழுவிச் சுளை பிரித்து விதை நீக்கி மூடிவைத்துக்கொண்டு, அவர்கள் வந்து அமர்ந்தபின் பிழியுங்கள். பத்து நிமிட வேலைதான். அதற்குள் குசலம் விசாரித்து முடிந்திருக்காது.

கேள்வி: ஜூஸர் வாங்குவதாக இல்லை. மிக்ஸியும் சாற்று வடிகட்டியும் மட்டும் வைத்துக்கொண்டு ஆறு பேருக்கு நல்ல ஆரஞ்சுச் சாறு எடுப்பது எப்படி? எத்தனை பழம் வாங்க வேண்டும்?
– வாசகர், மீனாட்சிபுரம்

பதில்: தளர்தோல் ஆரஞ்சாக இருந்தால் ஒரு கிலோவில் ஏறத்தாழ 400 மில்லி சாறு கிடைக்கும். ஆறு பேருக்கு ஆளுக்கு 150 மில்லி என்றால் இரண்டேகால் கிலோ போதும். இரண்டு பழம் சூம்பிப் போயிருக்கக்கூடும் என்பதால் இரண்டரைக் கிலோவாக வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கும்போது நிறத்தைவிடக் கனத்தைப் பாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டு பழங்களை இரு கையிலும் எடுத்துப் பார்த்தால், எது கனக்கிறதோ அதில்தான் சாறு இருக்கிறது. தோல் காற்றடைத்த பைபோல் சுளையை விட்டு விலகி உப்பியிருந்தால், பழம் நாட்பட்டு உள்ளே வற்றிவிட்டது என்று பொருள்.

தோலை எப்படியும் உரிக்கத்தானே போகிறோம் என்று கழுவாமல் விட்டுவிடாதீர்கள். தோலில் இருக்கும் அழுக்கும் கிருமியும் உரிக்கும் கை வழியாகவே சாற்றுக்குள் போகின்றன. ஃபிரிட்ஜில் இருந்த பழமானால் ஒரு மணி நேரம் வெளியே வைத்திருந்து, பிறகு உள்ளங்கையால் மேடைமேல் அழுத்தி உருட்டுங்கள். குளிர்ந்த பழம் சாற்றை எளிதில் விடாது. உரித்தபின் வெள்ளை நாரை முடிந்தவரை எடுத்துவிட்டு, சுளையின் உள்விளிம்பைக் கத்தரிக்கோலால் நறுக்கினால் விதைகள் வெளியே வந்துவிடும். பொறுமை வேண்டிய வேலை இது ஒன்றுதான். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடம் கொடுத்துவிடலாம், பாதிச் சுளை வாய்க்குள் போகும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டு.

இனி மிக்ஸி. குமிழை வலப்புறம் திருப்பி ஓடவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போவதுதான் நாம் செய்யும் தவறு. இடப்புறம் திருப்பி விட்டு, மறுபடி திருப்பி விட்டு, மூன்று நான்கு முறை விட்டுவிட்டுச் சுற்றினாலே சுளை உடைந்து சாறு இறங்கிவிடும். அதற்குமேல் சுற்றினால் சுளைத்தோல் கூழாகும், காற்றுப் புகுந்து நுரை தள்ளும், நிறமும் வெளுத்துவிடும். வடிகட்டியில் ஊற்றிக் கரண்டியின் பின்புறத்தால் இலேசாகத் தேய்த்தால் போதும். மல்துணியில் கட்டிக் கடைசிச் சொட்டுவரை முறுக்கிப் பிழிகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கடைசி இரண்டு கரண்டிச் சாற்றோடுதான் கசப்பும் இறங்கிவருகிறது. தண்ணீர் சேர்க்க வேண்டியதில்லை. பழம் புளிப்பாக இருந்தால் அதில் ஒரு சாத்துக்குடியைப் பிழிந்து விடுங்கள். சர்க்கரை தேடவேண்டி இராது.

இறுகிய தோலுள்ள பழமாக இருந்தால் மிக்ஸியே வேண்டாம். குறுக்கே இரண்டாக வெட்டி, எலுமிச்சை பிழியும் கூம்புக் கருவியைப்போல் சற்றுப் பெரியதில் வைத்துத் திருகுங்கள். வெள்ளைப் பகுதி தெரியும்வரை அழுத்தித் திருகவேண்டாம். தோலையும் நசுக்கவேண்டாம், ஏனென்றால் தோலின் எண்ணெய் சாற்றில் இறங்கினால் தொண்டையில் காரும்.

கேள்வி: நெல்லியாம்பதிக்குப் போனபோது வாங்கிவந்த ஆரஞ்சு பச்சையாகவே இருக்கிறது. அரிசி டப்பாவுக்குள் வைத்தால் பழுத்துச் சாறு இனிக்கும் என்கிறார் என் மாமியார். உண்மையா?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: மாமியார் சொல்வது மாம்பழத்துக்கும் வாழைப்பழத்துக்கும் பொருந்தும், ஆரஞ்சுக்குப் பொருந்தாது. மாவும் வாழையும் பறித்த பின்னும் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொண்டு பழுக்கின்றன. ஆரஞ்சு இனத்துப் பழங்களில் அப்படி மாற்றுவதற்கு மாவுச்சத்துச் சேமிப்பு இல்லை. மரத்தில் இருந்தபோது எவ்வளவு இனிப்பு ஏறியதோ அவ்வளவுதான். அரிசிக்குள் வைத்தால் தோல் சற்று மஞ்சளாகலாம், உள்ளே எதுவும் மாறாது.

அதே சமயம், பச்சைத்தோல் என்றதும் காய் என்று முடிவுகட்டவும் வேண்டாம். இரவுக் குளிர் ஏறத்தாழ 13 டிகிரிக்குக் கீழே இறங்கும் இடங்களில்தான் தோலின் பச்சையம் தானாக மறைந்து மஞ்சள் நிறம் வெளிப்படும். வெப்ப நாடுகளில் நன்றாக முற்றிய பழம்கூடப் பச்சையும் மஞ்சளுமாகவே இருக்கும்; சாத்துக்குடியைப் பாருங்கள், அது பச்சையாக இருக்கிறது என்று யாரும் குறை சொல்வதில்லை. ஒரு பழத்தை உரித்துத் தின்று பாருங்கள், அதுவே சரியான சோதனை. புளித்தால் சாற்றுக்கு வேண்டாம், கீழே சொல்லும் ஸ்குவாஷுக்கு அந்தப் புளிப்பே கைகொடுக்கும்.

கேள்வி: 72 வயதான என் தந்தைக்குச் சர்க்கரை நோய் உண்டு, என் பேரனுக்கு 8 மாதம். சர்க்கரை சேர்க்காமல் வீட்டில் பிழிந்த சாறு என்பதால் இருவருக்கும் கொடுக்கலாம்தானே?
– வாசகி, நெம்மாறை

பதில்: இருவருக்குமே வேண்டாம் என்று எழுதுவதில் எனக்குத் தயக்கமில்லை. நாம் சேர்க்காவிட்டாலும் ஆரஞ்சுச் சாற்றில் 100 மில்லிக்கு 8 முதல் 10 கிராம் வரை சர்க்கரை இயல்பாகவே இருக்கிறது. ஒரு டம்ளர் சாற்றுக்கு நான்கைந்து பழம் பிழிகிறோம். உரித்துத் தின்றால் இரண்டு பழத்திலேயே வயிறு போதும் என்று சொல்லிவிடும். நார்ச்சத்தை வடிகட்டியில் விட்டுவிட்டுச் சர்க்கரையை மட்டும் குடிப்பதால், அது இரத்தத்தில் விரைந்து ஏறுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், பழச்சாற்றில் உள்ள சர்க்கரையை நாம் அள்ளிப் போடும் சர்க்கரையோடு சேர்த்தே கணக்கிடுகிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் நிறுத்திக்கொள்வது மேலும் நல்லது என்கிறது. ஒரு டம்ளர் சாறே அதில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டுவிடும். தந்தையார் ஒரு பழத்தைச் சுளையாகச் சாப்பிடலாமா என்பதை அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரையாலோ இன்சுலினாலோ திடீரென்று சர்க்கரை தாழ்ந்து வியர்த்துப் படபடக்கும் நேரத்தில் மட்டும் அரை டம்ளர் சாறு மருந்துபோல் உதவும். சிறுநீரகக் குறைபாடும் அவருக்கு இருந்தால், சாற்றில் பொட்டாசியம் மிகுதி என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

குழந்தையைப் பொறுத்தவரை, ஒரு வயது முடியும்வரை பழச்சாறே தேவையில்லை என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2017-இல் சொன்னது. ஒன்று முதல் மூன்று வயதுவரை நாளொன்றுக்கு 120 மில்லிக்கு மேல் வேண்டாம் என்பதும் அவர்கள் கருத்தே. பேரனுக்கு விதையும் தோலும் நீக்கிய சுளைச் சதையை மசித்துச் சிறிது கொடுக்கலாம்.

கேள்வி: பிழிந்த பத்து நிமிடத்துக்குள் குடிக்காவிட்டால் வைட்டமின் சி முழுவதும் போய்விடும் என்கிறார்களே? செம்புக் கூஜாவில் ஊற்றி வைத்தால் சத்துக் கூடுமா?
– வாசகர், சித்தூர்

பதில்: முதலாவது மிகை. காற்றும் வெளிச்சமும் வெப்பமும் பட்டால் வைட்டமின் சி குறைவது உண்மையே. ஆனால் அது நாள்கணக்கில் மெல்ல நடப்பது. மூடிய கண்ணாடிக் குப்பியில் கழுத்துவரை நிரப்பி ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு நாளில் சிறிதளவே குறையும். உடனே குடிக்கச் சொல்வதற்குச் சரியான காரணங்கள் முன்பு சொன்ன கசப்பும், காய்ச்சாத சாற்றில் கிருமி வளரக்கூடும் என்பதும்தான். ஆகவே ஒரு நாளைத் தாண்ட வேண்டாம்.

இரண்டாவது தவறு மட்டுமன்று, தீங்கும் கூட. செம்பு, வைட்டமின் சி அழிவதை விரைவுபடுத்தும்; சாற்றின் புளிப்போ செம்பைக் கரைத்து எடுக்கும். பித்தளைக்கும் அலுமினியத்துக்கும் இதே எச்சரிக்கை. எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் ஆகியவற்றைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.

கேள்வி: இத்தனை பாடுபடுவதற்கு, கடையில் "100 சதவீதம் பழச்சாறு" என்று விற்கும் பெட்டியை வாங்கினால் என்ன?
– வாசகர், கோவிந்தாபுரம்

பதில்: அந்தச் சொற்றொடரையே நீக்கும்படி இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2024 ஜூன் மாதத்தில் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. சாற்றிலிருந்து நீரை வற்றச்செய்து கெட்டியாக்கி, பின்னர் மீண்டும் நீர் சேர்த்து நிரப்புவதை அவ்வாறு விளம்பரப்படுத்தக் கூடாது என்பது அதன் நிலை. பெட்டியின் பின்புறத்தைப் படியுங்கள். பழபானம் என்ற வகையில் விற்பவற்றில் பழச்சாறு 10 சதவீதம் இருந்தாலே சட்டப்படி போதும். மீதி நீரும் சர்க்கரையும்தான்.

கேள்வி: நெல்லியாம்பதி அரசுப் பண்ணையில் வாங்கிய ஆரஞ்சு ஸ்குவாஷ் மாதக்கணக்கில் கசக்காமல் இருக்கிறது. அதுபோல் வீட்டில் செய்ய முடியுமா?
– வாசகி, கொல்லங்கோடு

பதில்: புலயம்பாறையில் உள்ள அந்த ஆரஞ்சு மற்றும் காய்கறிப் பண்ணையின் ஸ்குவாஷ் எங்கள் வீட்டிலும் உண்டு. ஸ்குவாஷில் பழச்சாறு கால்பங்கு அளவே இருப்பதாலும், சர்க்கரை மிகுந்திருப்பதாலும் கசப்பு அவ்வளவாக வெளியே தெரிவதில்லை. வீட்டில் ஒரு லிட்டர் வடிகட்டிய சாற்றுக்கு ஒன்றேமுக்கால் கிலோ சர்க்கரை, ஒரு லிட்டர் தண்ணீர், 25 கிராம் சிட்ரிக் அமிலம் என்பது கணக்கு. பழம் நல்ல புளிப்பாக இருந்தால் அமிலத்தைக் குறைத்துக்கொள்ளலாம். சர்க்கரை, தண்ணீர், அமிலம் மூன்றையும் கொதிக்கவைத்து வடிகட்டி, பாகு முற்றிலும் ஆறிய பிறகே சாற்றைச் சேர்க்க வேண்டும். சாற்றை அடுப்பில் ஏற்றினால் மணம் போய்க் கசப்பு மட்டும் மிஞ்சும். பண்ணைகளில் இது கெடாதிருக்கப் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டை அளந்து சேர்ப்பார்கள். துல்லியமான தராசு இல்லாத வீட்டில், அதுவும் ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் வீட்டில், அதை நான் சொல்லமாட்டேன். அது இல்லாமல் செய்து, கொதிநீரில் கழுவி உலர்த்திய குப்பிகளில் அடைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடும் அளவுக்கு மட்டும் செய்யுங்கள். ஒரு பங்கு ஸ்குவாஷுக்கு மூன்று பங்கு குளிர்ந்த நீர்.

கேள்வி: சாறு எடுத்தபின் குவியும் தோலை என்ன செய்வது?
– வாசகி, வேலந்தாவளம்

பதில்: பாலக்காட்டுத் தமிழ் வீடுகளில் நார்த்தங்காய்க்குச் செய்வதுபோல் ஆரஞ்சுத் தோலிலும் பச்சடி செய்வார்கள். அதற்குத் தளர்தோல் ஆரஞ்சுதான் ஏற்றது. மெழுகு பூசி வரும் வெளிநாட்டுப் பழத்தின் தோலைக் குப்பையில் போடுங்கள். நன்றாகத் தேய்த்துக் கழுவிய மூன்று பழத்தின் தோலில், உட்புற வெள்ளையைக் கரண்டியால் சுரண்டியெடுத்துவிட்டுப் பொடியாக நறுக்கி, கொதிநீரில் ஐந்து நிமிடம் போட்டு அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். நல்லெண்ணெயில் கடுகு, பெருங்காயம், கீறிய நான்கு பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, தோலைப் போட்டு நன்றாக வதக்கி, எலுமிச்சையளவு புளியைக் கரைத்து ஊற்றி, மஞ்சள்தூளும் உப்பும் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். பச்சை வாசனை போனதும் ஒரு நெல்லிக்காயளவு வெல்லம் போட்டு, எண்ணெய் பிரிந்து மேலே வரும்போது இறக்கிவிடலாம். தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள ஒரு வாரம் வரும். இதில் மட்டும் கசப்பு இருக்கத்தான் செய்யும். எங்கள் வீட்டில் அதற்காகவே கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.